ஒலிப்பதிவு: ராஜப்பா

மேடம், முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். நான்கு சுற்றுக்கு ஒரு தடவை ‘கிரீச்’ என்கிறது. நேற்று நீங்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் பதில் சொல்லத் தாமதித்தேன் அல்லவா, அது பொய் யோசிப்பதற்காக இல்லை. அந்தக் கிரீச் போய்விடட்டும் என்று காத்திருந்தேன். ஒலிப்பதிவுக்காரனுக்கு ஒட்டிக்கொண்ட வியாதி இது. சுடுகாட்டுக்குப் போனாலும் கூடவே வரும்.

வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். வாயைத் திறந்தால் என் தமிழில் பாதி ஆற்காடு, கால்வாசி கன்னடம், மீதி மைன்ஸ் இங்கிலீஷ். பேனா பிடித்தால் மட்டும் செய்தித்தாள் மாதிரி வரும். நீங்களும் மறுக்காமல் தாள் கொடுத்தீர்கள், டீ கொடுத்தீர்கள், டீயில் இஞ்சிகூட இருந்தது. என் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் ஏட்டய்யா மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிறார். கண்ணாடி, பேனா, இரண்டு பேட்டரி, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. அந்த இரும்பு என்ன என்று கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் அதது வரவேண்டிய இடத்தில் வைத்தால்தான் கேட்கிறவருக்குப் புரியும்.

என் பெயர் ராஜப்பா. வயது ஐம்பத்திரண்டு. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் பிறந்து அங்கேயே இருக்கிறேன். பெயரைக் கேட்டு முழிக்கிற வெளியூர்க்காரர்களிடம், பெயர்தான் எலும்புக்கூடு, எங்களுக்குச் சதையும் உண்டு என்பேன். என் அப்பா மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், பெல்மேன். பூமிக்கு அடியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்கிற இரும்புக்கூண்டு, பெல்மேன் மணி அடித்தால்தான் நகரும். ஒரு பெல் அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான், தூக்கு. பெல் வராமல் மேலே இஞ்சின்காரன் கைப்பிடியைத் தொடமாட்டான், கீழே இருப்பது அவனைப் பெற்ற அப்பனாக இருந்தாலும். முப்பத்தொரு வருடம் இந்த வேலை பார்த்த மனுஷன், வீட்டில் அம்மா டம்ளரில் மூன்று தட்டு தட்டினால்தான் சாப்பாட்டுக்கு எழுந்து வருவார். “பெல்லு இல்லாம தூக்குனா அது கொலைடா” என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைவார். மைன்ஸ் மூடினபோது ஆளாளுக்கு ஏதேதோ வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா ஒரு சின்னப் பித்தளை மணியோடு வந்தார்.

நான் ஸ்கெலட்டனில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு ஒரு செட், சாவுக்கு ஒரு செட், ஆடி மாதத்தில் இரண்டும் அம்மன் கோயிலுக்கு. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் துளசிராமன் அண்ணன் மைக் வாடகைக்குக் கேட்டு வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீட்டாருக்குப் பாத்திரக்கடை. மூத்த பிள்ளை எவர்சில்வர் குடத்துக்குப் பேர் வெட்டப் பழகுவான் என்று பார்த்தால், கல்யாண வீடியோ கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சினிமா எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். “சாவு ஊர்வலத்துக்கு மைக்கு வேணும் ராஜப்பா” என்றார். யார் செத்தது என்று கேட்டேன். “இன்னும் ஆளு கெடைக்கல, நீ வர்றியா?” என்றார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு அவருடைய முதல் படத்தில் இருக்கிறது. பாடையில் படுத்திருப்பதும் நான்தான்.

அந்தப் படம் ‘பிணம் விசிலடிக்குது’. ஊர்த்தலைவர் ஒருவர் சாகிறார். ஊர்வலத்தில் யாராவது அவரைப் புகழ்ந்து பொய் சொன்னால் பிணம் விசிலடிக்கும். நாற்பது நிமிடப் படத்தில் முப்பத்தாறு நிமிடம் விசில்தான். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஹால் பிடித்துப் போட்டோம். பத்தாவது நிமிடம் முதல் செருப்பு வந்தது. திரை கிழிந்து, நாற்காலி உடைந்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாள் காலை அண்ணன் நாற்பத்து மூன்று செருப்புகளையும் பாத்திரக்கடை வாசலில் வரிசையாக அடுக்கி, ‘உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று பலகை வைத்தார். இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், டீயும் குடித்தார்கள்.

அடுத்த வருடம் பெங்களூரு கல்லூரிப் பையன்கள் படத்தைக் கேட்டு வந்தார்கள். வரும்போதே கையில் பழைய செருப்பு. விசில் சத்தம் வந்ததும் திரையில் எறிந்தார்கள், திட்டிக்கொண்டே இல்லை, கும்பிட்டுக்கொண்டே. அன்றிலிருந்து அது சடங்காகிவிட்டது. எங்கள் ரசிகர்கள் ஜோடிச் செருப்போடு வந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போகிறவர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அண்ணனுக்கு ஊர் தானாக இரண்டுபடும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, அவரே பிளந்துவிடுவார். ‘மந்திரிக்கு மொட்டை’ எடுத்தபோது முகத்தில் சாணி அடித்தார்கள். மூக்கிலிருந்து சாணியை வழித்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “டே ராஜப்பா, சத்தம் வந்துச்சா?” வந்திருந்தது. சப்பென்று, ஈரமாக, அருமையான சத்தம். படத்தில் மொட்டை அடிக்கிற காட்சிக்கு அதைத்தான் போட்டோம்.

எங்கள் படங்களில் பின்னணி இசை கிடையாது. நிஜச் சத்தம் மட்டும். படம் பொய் சொல்லலாம், சத்தம் பொய் சொல்லக்கூடாது என்பது அண்ணன் கொள்கை. ‘சைனைட் பாயசம்’ எடுக்கும்போது குணசுந்தரி அக்கா ஒரு அழுகை அழவேண்டும். குணாக்கா எங்கள் எல்லாப் படத்துக்கும் கதாநாயகி. என்னைப்போலவே மைன்ஸ்காரர் பெற்ற பிள்ளை, பேக்கரியில் வேலை. நாலு டேக் ஆயிற்று, அழுகை பேக்கரி பன் மாதிரி மெத்தென்றுதான் வந்தது. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மைக்கை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, அக்காவிடம் போய் உன் மகன் பெங்களூரு டிரெயினிலிருந்து விழுந்துவிட்டான் என்றார். நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடிக்குப் பிறகு பொய் என்று சொன்னோம். அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு அறை விட்டாள். அந்த அறையையும் நான் பதிவு செய்தேன். இரண்டும் படத்தில் இருக்கின்றன, கேரளத்தில் ஒரு விழாவில் அதற்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கும் அப்போது மனது என்னமோ செய்தது, மறைக்கவில்லை. ஆனால் அண்ணன் தோளில் கை போட்டு, “அக்கா மறந்துடும்பா, சத்தம் நிக்கும்” என்றார். குரு சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

இப்படி ஆறு படம். ஆறிலும் கடைசியில் ‘ஒலிப்பதிவு: ராஜப்பா’ என்று வரும். வீட்டில் எதற்கும் உதவாதவன் என்று பேர் வாங்கின எனக்கு, இருட்டில் முந்நூறு பேர் என் பெயரைப் படிக்கிறார்கள் என்பது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை. நான் அண்ணனை நினைக்காத நாள் கிடையாது, இன்றைக்கும்.

இனி டோக்கன் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்பதால் தெரிந்திருக்கும், ஆனால் வாக்குமூலம் கோலார் கோர்ட்டுக்குப் போகும், அங்கே படிக்கிறவருக்குத் தெரியாது. மைன்ஸில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் பலகையில் மாட்டுவான். ஷிஃப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஊரே அந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் படம் எடுப்பது, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலும் பழைய குழிகளிலும். அதனால் அண்ணன் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தார். பழைய இரும்புக்கடையில் பத்து டோக்கன் வாங்கி, பாத்திரக்கடை உள்சுவரில் பலகை அடித்தார். படப்பிடிப்புக்குப் போகிறவன் எடுத்துக்கொண்டு போகவேண்டும், வந்ததும் மாட்டவேண்டும். அவருடையது 212. கடையைப் பார்த்துக்கொள்கிற சாரதா அண்ணி, அவர் மனைவி, ஒரு நாளும் போன் போட்டு எங்கே என்று கேட்டதில்லை. பலகை நிறைந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் ஊரில் புருஷன் சொல்லை நம்பாதவள்கூட டோக்கனை நம்புவாள்.

போன பிப்ரவரியில் கணேஷ்குமார் என்று ஒருவர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். செல்போனில் பார்க்கிற தொடர்களுக்குப் பணம் போடுகிறவர். துளசிராமன் பெயருக்கு ஒரு மவுசு இருக்கிறது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எட்டு பாகம் எடுத்துத் தரவேண்டும் என்றார். பெயர்கூட அவரே வைத்துவிட்டார். ‘சம்பந்தி வீட்டு சாம்பார்’. அண்ணன் கெட்ட வார்த்தையில் அபிஷேகம் செய்வார் என்று நான் பக்கத்தில் ஆசையாக உட்கார்ந்திருந்தேன். அவர், “சரிங்க சார், எப்ப வரணும்?” என்றார்.

அன்று சாயங்காலம் பேக்கரியில் எனக்கு தில்பசந்த் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று. ஐம்பத்தாறு வயதில் முட்டி வலிக்கிறது, செருப்படி வாங்கினது போதும், அண்ணிக்கு ஒரு நல்ல வீடு வேண்டும் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். சவுண்டுக்கு என்ன ஏற்பாடு என்று விசாரித்தேன்.

“அங்க பெரிய டீம் கீதுடா. சிரிப்பு சத்தம்லாம் மெஷினே போட்டுடுதாம்.”

“மெஷினா?”

“ஆமாம்பா. ஒரு பட்டன். எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ இன்னாத்துக்குடா பெங்களூருக்கு அலையணும், இங்கயே நிம்மதியா கல்யாண ஆர்டர் பாரு.”

இதனால் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள், மேடம். கோபமே இல்லை. தில்பசந்தை முழுசாகத்தான் சாப்பிட்டேன். எனக்கு வந்தது கவலை. ஆறு படம் எடுத்து, சாணி வாங்கி, செருப்பு வாங்கி ஒரு மனுஷன் பெயரைக் கட்டி எழுப்பியிருக்கிறார். அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு சாம்பார் சட்டியில் போட்டு மூடப்போகிறார். ரசிகர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் செருப்பை எங்கே எறிவார்கள்? நல்ல இடத்தில் ஒரு படத்தை முடிக்கத் தெரியாதவன் டைரக்டரே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தன் விஷயத்தில் அவருக்கு அது தெரியவில்லை. வயதானால், கூட இருக்கிறவர்கள்தான் பார்த்துச் செய்யவேண்டும்.

ஏழாவது படத்தில் ஒரே ஒரு ஷாட் பாக்கி இருந்தது. கைவிடப்பட்ட ஒரு தொழிலாளி குழிக்குள் இருந்து கத்துகிறான், மேலே யாரும் இல்லை. நடிக்க யாரும் வராததால் அண்ணனே இறங்குவதாக இருந்தது. ஸ்கெலட்டனுக்குப் பின்னால், மேட்டைத் தாண்டி, ஆடு மேய்ப்பவர்கள்கூடப் போகாத இடத்தில் ஒரு பழைய குழி இருக்கிறது. அறுபதடி இருக்கும். கிணறு மாதிரி நேரான சுவர், கையால் ஏற வழியில்லை. குழி மேலே மரச்சட்டம் போட்டு, கையால் சுற்றி ஆளை இறக்கித் தூக்குகிற விஞ்ச் ஒன்று பொருத்தினோம். கியர் உள்ளது, ஒரே ஆள் சுற்றினால் போதும். சட்டத்தின் ஒரு பக்கத்தில் என் அப்பாவின் பித்தளை மணியைக் கட்டி, அதிலிருந்து ஒரு கயிறு குழிக்குள் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரும் மட்டும் போனோம். சின்ன கேமராவை அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டார். போன் இருந்தால் மைக்கில் இரையும் என்று போனையும் டோக்கனையும் என்னிடம் கொடுத்தார். டோக்கனை இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாதுதான். முட்டி வலி, குனியும்போது சட்டைப்பையிலிருந்து விழும் என்று கொடுத்துவிட்டார்.

இறங்கும் முன்பு பெல் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கணீரென்று அடித்தது.

“கேட்டுக்கடா. கீழ போயி நான் கத்துவேன், அழுவேன், உன்னைத் திட்டுவேன், காப்பாத்துனு சொல்லுவேன். எதையும் கண்டுக்காத, அதெல்லாம் சீனு. மூணு பெல் அடிச்சா மட்டும் தூக்கு.”

“சரிண்ணா” என்றேன். இறக்கினேன்.

நன்றாக நடித்தார். முதல் ஒரு மணி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனில் கேட்டேன். கத்தல் சுவரில் மோதி மேலே வருகிற விதம் அபாரம். ஆனால் நடிப்புதான், எனக்குத் தெரியும். இருபது வருடம் கேட்ட குரல் அல்லவா. மதியத்துக்கு மேல்தான் குரல் மாறியது. குணாக்காவின் அந்த நாற்பது விநாடி மாதிரி ஆயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் தன் வாழ்க்கையில் தேடின சத்தம் அது, அவர் தொண்டையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. காப்பாத்து என்றார், திட்டினார், அழுதார். சொன்னபடியே எல்லாம் செய்தார். நானும் சொன்னபடியே கண்டுகொள்ளவில்லை.

பெல் அடிக்கவில்லை.

சாயங்காலம் பேட்டரி தீர்ந்தது. குழி மேல் தகரத்தை இழுத்து மூடிவிட்டு ஆண்டர்சன்பேட்டை வந்தேன். அண்ணி வாடிக்கையாளருக்கு இட்லிப்பானை காட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் என் டோக்கனை மாட்டினேன், பக்கத்து ஆணியில் 212ஐயும் மாட்டினேன். பலகை நிறைந்தது.

“உங்க அண்ணன் எங்க?” என்றாள்.

“கடைசி ஷாட்டு முடிஞ்சிடுச்சு அண்ணி.”

அவ்வளவுதான் சொன்னேன், மேடம். ஒவ்வொரு படத்துக்கும் கடைசி ஷாட் முடிந்தால் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் டிரெயின் ஏறிவிடுவார். எங்கேயாவது சுற்றிவிட்டு மூன்று வாரம் கழித்துத் தாடியோடு வருவார். ஊருக்கே தெரியும். அண்ணி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். “வரட்டும், தாடிய நானே சிரைக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினாள். நான்தான் இறக்கிக் கொடுத்தேன், அந்த ஷட்டர் கொஞ்சம் பிடிக்கும். மறுநாள் அவர் போனிலிருந்து, ‘படத்தை ராஜப்பா முடிப்பான், தாடி முளைக்கட்டும்’ என்று அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பாவம், கவலைப்படக்கூடாது அல்லவா.

திங்கட்கிழமை புது பேட்டரியோடு போனேன். செவ்வாய்க்கிழமையும் போனேன். திங்கள் முழுக்கச் சத்தம் இருந்தது, ஆனால் தேய்ந்துவிட்டது. செவ்வாய் மதியம் இரண்டே காலுக்குப் பிறகு காற்று மட்டும். காற்றையும் அரைமணி நேரம் எடுத்தேன், எடிட்டிங்கில் உதவும்.

படத்தை நானே முடித்தேன். கடைசிப் பத்தொன்பது நிமிடம் திரை முழுக்கக் கறுப்பு, சத்தம் மட்டும். அண்ணன் காணவில்லை என்று அண்ணி புகார் கொடுத்ததும் பெங்களூரு ரசிகர்களுக்குத் திருவிழாவாகிவிட்டது. இதுவும் துளசியின் விளையாட்டு என்றார்கள். ‘துளசி எங்கே?’ என்று சட்டை அச்சடித்து, ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு வந்தார்கள், பெண் பிள்ளைகளும்கூட. அந்தப் பத்தொன்பது நிமிடம் மட்டும் ஒருவரும் செருப்பை எறியவில்லை. இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் திரையில் ஒரே ஒரு வரி, என் வரி, தனியாக. கை தட்டல் நிற்க நான்கு நிமிடம் ஆயிற்று. கணேஷ்குமார் என்னைக் கட்டிப்பிடித்து, “சவுண்டுன்னா இது சார்” என்றார். மெஷினில் வராது என்று சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சி ஆண்டர்சன்பேட்டையில் போட்டது என் தப்பு. பெங்களூரில் பத்து காட்சி ஓடியது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இங்கே குணாக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கத்தலுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருக்கிறது. மரச்சட்டத்தில் கயிறு உரசுகிற சத்தம். கிரிக், கிரிக், கிரிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கிரிக், கிரிக், கிரிக். எனக்கு மிகவும் பிடித்த சத்தம், அதனால்தான் வெட்ட மனம் வரவில்லை. அக்கா இருட்டில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். விளக்கு போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள், அவள் மட்டும் மூன்று விரலை நீட்டியபடியே என்னிடம் வந்தாள்.

“அந்தக் கயிறு சத்தம் எங்கடா எடுத்த?”

“லொக்கேஷன்லயே எடுத்ததுக்கா. நல்லா கீதா?”

“மூணு மூணா இழுக்குறாங்களேடா.”

“ஆமாக்கா.”

“அப்ப பெல்லு?”

“அடிக்கலக்கா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பழைய அறையை மறுபடியும் விடுவாள் என்று நினைத்தேன், கையில் ரெக்கார்டர்கூட இருந்தது. விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் வியாழக்கிழமை குழியிலிருந்து அண்ணனை மேலே எடுத்தபோது நானும் ஜீப்பில் இருந்தேன். உண்மையிலேயே தாடி முளைத்திருந்ததா என்று பார்க்க நினைத்தேன், துணி போட்டு மூடிவிட்டீர்கள். அண்ணி அந்த மேட்டிலேயே உட்கார்ந்து, “டோக்கன் தொங்குச்சே, டோக்கன் தொங்குச்சே” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, மேடம். உங்கள் டிரைவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நல்ல மனுஷன்.

துளசிராமன் அண்ணனைக் குழியில் விட்டது நான்தான். டோக்கனை மாட்டியதும் நான்தான். போனில் செய்தி அனுப்பியதும் நான்தான். மூன்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அந்த எட்டு பாக சாம்பாரிலிருந்து அவர் பெயரைக் காப்பாற்றியதும் நான்தான், அதற்கு உங்கள் சட்டத்தில் இடமில்லை என்று தெரியும்.

கடைசியாக நீங்கள் கேட்டது, அவர் அத்தனை தடவை கயிற்றை இழுத்திருக்கிறாரே, பெல் எப்படி அடிக்காமல் இருந்தது என்று. மேசைமேல் இருக்கிற அந்த இரும்புத் துண்டு மணியின் நாக்கு. அண்ணன் கீழே தரையைத் தொட்டதும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பித்தளை மணி அவ்வளவு பக்கத்தில் அடித்தால் மைக்கில் மற்ற எந்தச் சத்தமும் எடுபடாது, பத்தொன்பது நிமிடமும் வீணாகிப் போயிருக்கும். கயிறு ஆடியதைப் பார்த்தேன். மூன்று மூன்றாகத்தான் ஆடியது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் விதி கயிறு ஆடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

நியாயமாக நினைத்துப் பாருங்கள், மேடம். மூன்று பெல் அடித்திருந்தால் அந்த நிமிடமே அவரைத் தூக்கியிருப்பேன். நான் பெல்மேன் பெற்ற பிள்ளை.